வாசகர் வட்டம் உருவாவது எப்படி? புதிதாக எழுத வந்தவர்களுக்கு

முதல் புத்தகம் வெளிவந்து சில வாரங்கள் ஆனதும் பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு ஒரு குழப்பம் வருகிறது. அறிவிப்புக்கு லைக்குகள் விழுந்திருக்கின்றன, வாழ்த்துகள் குவிந்திருக்கின்றன, பிரதிகளும் ஓரளவு போயிருக்கின்றன. ஆனால் கதையின் நடுவில் வரும் அந்தத் திருப்பத்தைப் பற்றியோ, கடைசி அத்தியாயத்தைப் பற்றியோ யாரும் வாயே திறப்பதில்லை. படித்தார்களா, பாதியில் வைத்துவிட்டார்களா என்பதுகூடத் தெரியாது. இந்தக் கட்டுரை அந்த நிலையில் இருப்பவர்களுக்காக. இன்னும் எதையுமே வெளியிடாதவர்களுக்கும் பயன்படும். உண்மையில் அவர்களுக்குத்தான் வசதி அதிகம். அவசரம் இல்லாமல் தொடங்கலாம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். உங்களை ஆயிரம் பேர் பின்தொடரலாம். அவர்கள் ஒவ்வொருவரும் உங்களிடம் மட்டும் பேசிவிட்டுப் போனால் உங்களிடம் இருப்பது பெயர்ப் பட்டியல் மட்டும்தான். ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம், "அந்த இடத்தை நீங்கள் அப்படியா எடுத்துக்கொண்டீர்கள்? எனக்கு வேறு மாதிரி பட்டதே" என்று கேட்கிறார் பாருங்கள், நீங்கள் குறுக்கே வராமலே, அங்கேதான் வாசகர் வட்டம் தொடங்குகிறது. கீழே சொல்லும் எல்லாமே அந்தப் பேச்சு நடக்க வழி செய்வதற்குத்தான்.

இருபது பேரைப் பெயரோடு கண்டுபிடியுங்கள்

2008-ல் அமெரிக்க எழுத்தாளர் கெவின் கெல்லி எழுதிய ஒரு கட்டுரை இந்தத் துறையில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஒரு படைப்பாளி பிழைக்க லட்சக்கணக்கான ரசிகர்கள் தேவையில்லை, எதைச் செய்தாலும் தேடி வாங்கும் ஆயிரம் பேர் போதும் என்பது அதன் சாரம். எல்லோரும் அந்த ஆயிரம் என்ற எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த ஆயிரம் பேரோடும் படைப்பாளிக்கு நேரடித் தொடர்பு இருக்க வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னதை விட்டுவிடுகிறார்கள். நேரடித் தொடர்பை ஆயிரத்திலிருந்து தொடங்க முடியாது. இருபதிலிருந்து தொடங்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகமோ எக்ஸெல் தாளோ எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எழுத்தைப் பற்றி இதுவரை குறிப்பாக ஏதாவது சொன்னவர்களின் பெயர்களை எழுதுங்கள். "சூப்பர்", "அருமை" என்று சொன்னவர்களை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஒரு பாத்திரத்தின் பெயரைச் சொன்னவர், ஒரு வரியை எடுத்துப்போட்டவர், "இது எப்படி நடக்கும்?" என்று கேட்டவர், உங்கள் கதையை வேறொருவருக்கு அனுப்பியவர், படித்துவிட்டுக் குறை சொன்னவர். இவர்கள்தான் வேண்டும். குறிப்பாகக் குறை சொன்னவர்களை மறக்காதீர்கள். கடைசிப் பக்கம்வரை வந்தால்தானே முடிவு சரியில்லை என்று சொல்ல முடியும்?

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் என்ன படித்தார், அவருடைய சொற்களிலேயே என்ன சொன்னார், கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். "அவருடைய சொற்களிலேயே" என்பது முக்கியம். நீங்கள் சுருக்கி எழுதினால் உங்களுக்குப் பிடித்த மாதிரி மாறிவிடும்.

குடும்பத்தினருக்கும் நெருங்கிய நண்பர்களுக்கும் தனிப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். அவர்களுடைய ஆதரவு பெரிய விஷயம், ஆனால் அவர்கள் படிப்பது உங்களை. உங்களை அறியாத ஒருவர் அந்தக் கதையை எப்படிப் படிக்கிறார் என்பது அவர்களிடமிருந்து தெரியவராது.

இருபது பேர் இல்லை, மூன்று பேர்தான் இருக்கிறார்கள் என்றால் மூன்று பேரோடு தொடங்குங்கள். ஒருவருமே இல்லை என்றால் முதலில் நீங்கள் வாசகராகப் போக வேண்டும். நீங்கள் எழுதும் வகை நூல்களைப் பற்றிப் பேசும் இடங்கள் இணையத்திலும் வெளியிலும் இருக்கும். அங்கே போய்ச் சில மாதங்கள் மற்றவர்களின் புத்தகங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். நன்றாகப் படித்து, யோசித்து, குறிப்பாகப் பேசுங்கள். உங்கள் புத்தகத்தின் இணைப்பைப் போடாதீர்கள். கூர்மையாகப் படிக்கும் ஒருவர் எழுதவும் செய்கிறார் என்று தெரிந்தால் மக்கள் தாங்களாகவே வந்து கேட்பார்கள். இது மெதுவான வழி. ஆனால் இந்த வழியில் வருபவர்கள் சீக்கிரம் போய்விடுவதில்லை.

ஒருவருக்கு ஒரு கடிதம்

பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்பினால் அது சுற்றறிக்கை என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். ஒரு மாதிரி தருகிறேன். கதையின் முடிவு ஏமாற்றமாக இருந்தது என்று சொன்ன ஒரு வாசகிக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம்:

"வணக்கம். மகள் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமலே எரித்துவிடுவது உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். முதல் வரைவில் அவள் அதைப் படித்துவிடுவாள். பிறகுதான் மாற்றினேன். ஏன் மாற்றினேன் என்று சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தில் என்ன எழுதியிருக்கும் என்று நினைத்தீர்கள்? நேரம் கிடைக்கும்போது சொல்லுங்கள், அவசரம் இல்லை."

இதில் இருப்பவற்றைக் கவனியுங்கள். அவர் சொன்னது அப்படியே திரும்ப வருகிறது. அதனால் தன் சொற்கள் உண்மையிலேயே படிக்கப்பட்டன என்று அவருக்குத் தெரிகிறது. வெளியே யாருக்கும் தெரியாத ஒரு தகவல், அதாவது முதல் வரைவு வேறு மாதிரி இருந்தது என்பது, அவருக்குக் கிடைக்கிறது. கேள்வி ஒன்றே ஒன்று. முடிவை நியாயப்படுத்தும் வாதம் எதுவும் இல்லை. "புத்தகத்துக்கு மதிப்புரை போடுங்கள்", "என் பக்கத்தைப் பின்தொடருங்கள்" என்ற வேண்டுகோளும் இல்லை. இந்த முதல் கடிதத்தில் எதையும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் மேலே எழுதிய அக்கறை முழுவதும் அதற்கான முன்னுரைபோல ஆகிவிடும்.

பதில் வந்த பிறகு செய்யும் வேலைதான் பலர் விட்டுவிடும் வேலை. உங்கள் நோட்டில் இன்னொரு வாசகர் அதே முடிவைப் பாராட்டியிருக்கலாம். அப்போது இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்: "இந்த முடிவைப் பற்றி உங்களுக்கு நேர்மாறாக நினைக்கும் இன்னொரு வாசகர் இருக்கிறார். உங்கள் இருவரையும் அறிமுகப்படுத்தினால் பேசுவீர்களா?" இருவரும் சம்மதித்தால் அறிமுகப்படுத்திவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ஒருவர் தயங்கினால் அத்தோடு விட்டுவிடுங்கள். இப்படி நான்கைந்து ஜோடிகள் பேசத் தொடங்கினால் வட்டத்துக்கான அடித்தளம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு குழு தொடங்கலாம். குழுவைத் தொடங்கிவிட்டு ஆள் தேடுபவர்கள்தான் "குழுவில் யாருமே பேசுவதில்லை" என்று வருத்தப்படுகிறார்கள்.

எங்கே கூடுவது?

இங்கே இரண்டு தேவைகள் உள்ளன. வாசகர்களை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் தொடர்புகொள்ள ஒரு வழி வேண்டும். அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேச ஓர் இடம் வேண்டும். இரண்டையும் ஒரே கருவியில் செய்ய நினைத்தால் சிக்கல் வரும்.

தொடர்புக்கு இன்னமும் மின்னஞ்சல்தான் நம்பகமானது. சமூக ஊடகத்தில் நீங்கள் எழுதுவதை யார் பார்க்க வேண்டும் என்பதை அந்த நிறுவனம் தீர்மானிக்கிறது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கு முன்னுரிமை தருவதாக அறிவித்தபோது பக்கங்கள் நடத்திக்கொண்டிருந்தவர்களுக்கு அது பலத்த அடி. ஆர்குட் 2014-ல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-ல். அங்கே ஆண்டுக்கணக்கில் வளர்ந்த குழுக்கள் கலைந்துபோயின. மின்னஞ்சல் முகவரிகள் உங்கள் கையில் இருந்தால் எந்தத் தளம் மூடினாலும் மறுநாளே எழுத முடியும். பலருக்கு ஒரே நேரத்தில் மடல் அனுப்பித் தரும் மின்மடல் சேவை எதைத் தேர்ந்தெடுத்தாலும், பட்டியலைப் பதிவிறக்கி வெளியே எடுத்துச் செல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாது என்றால் வேண்டாம்.

தொடக்கத்தில் முப்பது பேருக்கு உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்தே அனுப்பலாம். ஆனால் முகவரிகளைப் பெறுநர் கட்டத்தில் போடாதீர்கள், முகவரிகளை மறைக்கும் பிசிசி (BCC) கட்டத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் போய்விடும். எண்ணிக்கை கூடியதும் மின்மடல் சேவைக்கு மாறுங்கள். மடலின் அடியில் "இனி வேண்டாம்" என்று விலகும் இணைப்பு தெளிவாகத் தெரியட்டும். 2024-லிருந்து ஜிமெயில், ஒரு நாளைக்கு ஐயாயிரத்துக்கு மேல் மடல் அனுப்புபவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார்கள் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்று விதி வைத்திருக்கிறது. உங்கள் பட்டியல் அவ்வளவு பெரிதாக இருக்காது. ஆனாலும் விலக வழி தெரியாத வாசகர் ஸ்பேம் பொத்தானை அழுத்துவார், அப்புறம் விருப்பத்தோடு காத்திருப்பவர்களுக்கும் உங்கள் மடல் ஸ்பேம் பெட்டிக்குப் போகத் தொடங்கும்.

பேசும் இடம் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது வாட்ஸ்அப் குழு. வசதிதான். ஆனால் அதில் சேரும் ஒவ்வொருவருடைய தொலைபேசி எண்ணும் மற்ற எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாதவர்கள் தனிச் செய்தி அனுப்பத் தொடங்குவது இதனால்தான். பெண் வாசகர்கள் சத்தமில்லாமல் வெளியேறுவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். ஒருவரையொருவர் ஓரளவு அறிந்த சிறிய குழுவுக்கு வாட்ஸ்அப் சரி. முகம் தெரியாதவர்கள் சேரும் குழு என்றால் எண்ணை மறைத்துப் பயனர்பெயரோடு பேசக்கூடிய டெலிகிராம் போன்ற இடம் நல்லது. எதுவானாலும் யாரையும் கேட்காமல் குழுவில் சேர்க்காதீர்கள். அழைப்பு இணைப்பை அனுப்புங்கள், விருப்பம் உள்ளவர் வரட்டும்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பட்டியலில் 256 பேர்வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அனுப்பினேன், யாரும் பதில் போடவில்லை என்று மனம் நோகும் முன் இதைச் சரிபாருங்கள். சேனல் என்பது ஒருவழிப் பாதை. அறிவிப்புக்கு உதவும், வாசகர்கள் தங்களுக்குள் பேச உதவாது.

மாதம் ஒரு மடல்

அதில் என்ன எழுதுவது? புத்தகம் வெளிவரும்போது மட்டும் மடல் அனுப்பினால் விளம்பரம். மாதம் ஒரு முறை, வாங்க எதுவுமே இல்லாதபோதும் படிக்கத் தகுந்த மடல் ஒன்று வந்தால் அது உறவு. எழுதிக்கொண்டிருக்கும் கதையில் எந்த இடத்தில் திணறுகிறீர்கள், ஆராய்ச்சிக்காகத் தேடியபோது என்ன கிடைத்தது, கதையிலிருந்து வெட்டியெறிந்த ஒரு பக்கம், அந்த மாதம் படித்ததில் பிடித்தது. இவற்றில் ஒன்று போதும். போன மடலுக்கு வந்த பதில்களில் ஒன்றிரண்டை, எழுதியவரின் அனுமதி வாங்கி, இந்த மடலில் சேருங்கள். இதைத் தவறவிடாதீர்கள். மடல் உங்களுடையதாக இருந்தாலும் அதில் வாசகர்கள் ஒருவர் குரலை ஒருவர் கேட்கத் தொடங்குவது இங்கேதான்.

வேலை எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். அமெரிக்க எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன், எழுதிக்கொண்டிருக்கும் நூல்கள் எத்தனை சதவீதம் முடிந்திருக்கின்றன என்று தன் இணையதளத்தில் காட்டிவருகிறார். ஆண்டு இறுதியில் எல்லாத் திட்டங்களின் நிலவரத்தையும் விரிவாக எழுதுகிறார். 2022-ல் நான்கு நாவல்களுக்காக அவர் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதி திரட்டும் தளத்தில் வாசகர்களிடம் முன்பதிவு கேட்டபோது 1,85,000-க்கும் மேற்பட்டவர்கள் பணம் செலுத்தினார்கள். அந்த எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். கேட்பதற்கு முன்னால் எத்தனை ஆண்டுகள் வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார் என்பதைப் பாருங்கள். அதை முப்பது வாசகர்களை வைத்துக்கொண்டும் செய்யலாம்.

கேள்வி கேட்கும் விதம்

ஒரு குழு பேசுமா, உறங்குமா என்பது பெரும்பாலும் நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. "கதை எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். எழுதியவரே நேரில் நின்று கேட்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "எந்த இடத்தில் புத்தகத்தைக் கீழே வைத்தீர்கள்? மறுபடி எடுத்தபோது என்ன நினைத்து எடுத்தீர்கள்?" இதற்கு மரியாதைக்காகப் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. உங்களுக்கோ அத்தியாயத்தின் தொய்வு எங்கே என்று தெரிந்துவிடும். "அண்ணன் அந்த உண்மையை மறைத்தது சரியா?" என்று கேட்டால் வாசகர்கள் இரண்டு பக்கமாகப் பிரிவார்கள். இங்கே உங்கள் வேலை வாயை மூடிக்கொண்டிருப்பது. எழுத்தாளர் வந்து "நான் நினைத்தது என்னவென்றால்" என்று சொன்ன மறுகணம் விவாதம் முடிந்துவிடும். அதன்பிறகு யார் பேசினாலும் தேர்வில் விடை தவறியவர்போல உணர்வார். குறைந்தது ஒரு நாளாவது விட்டுப் பிடியுங்கள்.

இன்னொரு வகைக் கேள்வி, வாசகருடைய அனுபவத்தைக் கதைக்கு உள்ளே கொண்டுவருவது. உங்கள் நாயகி செவிலியர் என்றால், "இந்த வேலையில் இருப்பவர்கள் யாராவது இருக்கிறீர்களா? இரவுப் பணி மாற்றும் நேரத்தில் உண்மையில் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். இதுவரை ஒரு வரிகூட எழுதாத ஒருவர் திடீரென்று ஒரு பக்கம் எழுதுவார். அந்தக் குழுவில் அன்றிலிருந்து அவருக்கு ஓர் இடம் உண்டு. உங்களைவிட அவருக்கு அதிகம் தெரிந்த ஒன்றைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா?

எப்படிக் கேட்டாலும் பெரும்பாலானவர்கள் பேச மாட்டார்கள். இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: இணையச் சமூகங்களில் ஏறத்தாழ 90 சதவீதம் பேர் பார்த்துவிட்டுப் போகிறார்கள், 9 சதவீதம் பேர் எப்போதாவது பேசுகிறார்கள், 1 சதவீதம் பேர்தான் பெரும்பாலானவற்றை எழுதுகிறார்கள். ஆகவே நூறு பேர் குழுவில் பத்துப் பேர் பேசினால் மனம் தளராதீர்கள். மௌனமாக இருப்பவர்களை "ஏன் பேசுவதே இல்லை?" என்று ஒருபோதும் பொதுவில் கேட்காதீர்கள். அவர்களுக்கு எளிதான வழி ஒன்று திறந்து வையுங்கள். வாக்கெடுப்பு ஒன்று, இரண்டு அட்டைப்படங்களில் எது என்று கேட்பது, ஒரே சொல்லில் பதில் சொல்லும் கேள்வி. விரலால் தொட்டுவிட்டுப் போகிறவர் என்றாவது ஒரு நாள் ஒரு வரி எழுதுவார். எழுதாவிட்டாலும் குறையில்லை, படிக்கிறார்.

நாற்பது நிமிடக் கூட்டம்

எழுத்தில் பேசிப் பழகியவர்கள் குரலிலும் சந்திக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போதும். ஸூமின் இலவசக் கணக்கில் கூட்டம் நாற்பது நிமிடத்தில் நின்றுவிடும். அதை ஒரு தடையாக நினைக்காதீர்கள். முடிவு நேரம் முன்பே தெரிந்தால் வருபவர்கள் அதிகம்.

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர்வரை என்றால் எல்லோருக்கும் பேச வாய்ப்புக் கிடைக்கும். முதல் ஐந்து நிமிடம் வந்தவர்கள் பெயரும், கடைசியாகப் படித்த ஒரு புத்தகமும் சொல்லட்டும். அடுத்த ஏழெட்டு நிமிடம் யாராவது ஒரு பகுதியை வாசிக்கட்டும். நீங்கள் வாசிப்பதைவிட ஒரு வாசகர் வாசிப்பது நல்லது. உங்கள் வாக்கியத்தை வேறொருவர் எங்கே மூச்சுவிட்டுப் படிக்கிறார், எங்கே தடுக்குகிறார் என்பதைக் காதால் கேட்பது எழுதுபவருக்குப் பெரிய பாடம். பிறகு முன்கூட்டியே அனுப்பிய ஒரு கேள்வியின் மேல் இருபது நிமிடம் பேச்சு. நடத்துவது ஒரு வாசகராக இருக்கட்டும். அவருக்கு ஒரே ஒரு வேலை: அதிகம் பேசுபவரை மரியாதையாக நிறுத்தி, இன்னும் பேசாதவரை அழைப்பது. "நீங்கள் ஏதாவது சேர்க்க விரும்புகிறீர்களா? இல்லையென்றாலும் பரவாயில்லை" என்று கேட்டால் போதும். கடைசியில் அடுத்த கூட்டத்தின் தேதியை முடிவுசெய்துவிட்டுக் கலையுங்கள். தேதி இல்லாமல் கலைந்த கூட்டம் மறுபடி கூடுவது அபூர்வம்.

சில கூட்டங்களை உங்கள் புத்தகத்தைத் தொடாமல் வேறு நூல்களுக்கு ஒதுக்குங்கள். வாசகர்களை ஒன்றாக வைத்திருப்பது வாசிப்பு என்றால், நீங்கள் மூன்று வருடத்துக்கு ஒரு முறை எழுதினாலும் வட்டம் கலையாமல் நிற்கும்.

முன்வாசகர்களும் மதிப்புரைகளும்

வட்டம் ஓரளவு உருவானதும் வெளிவராத பிரதியைச் சிலரிடம் கொடுக்கலாம். இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்க நாவலாசிரியர் ஆண்டி வெயர் நல்ல எடுத்துக்காட்டு. "தி மார்ஷியன்" நாவலை அவர் தன் இணையதளத்தில் அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக வெளியிட்டார். அறிவியல் தெரிந்த வாசகர்கள் பிழைகளைச் சுட்டிக்காட்டினார்கள், அவர் திருத்தினார். கிண்டிலில் படிக்கும்படி கொடுங்கள் என்று வாசகர்கள் கேட்டதால்தான் அதை அங்கே ஏற்றினார். பதிப்பகம் அதன்பிறகுதான் தேடி வந்தது.

முன்வாசகர்கள் ஐந்தாறு பேர் போதும். பிரதியைக் கொடுக்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். எழுத்துப் பிழை பார்க்க வேண்டாம், அதற்கு மெய்ப்புத் திருத்துபவர் இருக்கிறார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் ஒற்று மிகுமா மிகாதா என்பதிலேயே நின்றுவிடுவார்கள். எங்கே சலித்தது, எங்கே புரியவில்லை, எந்தப் பாத்திரத்தை நம்ப முடியவில்லை. இந்த மூன்றுக்கும் பக்க எண்ணோடு பதில் கேளுங்கள். நான்கு வாரம் அவகாசம் கொடுங்கள். வந்த கருத்தை ஏற்காவிட்டாலும், "இதை ஏன் அப்படியே வைத்தேன்" என்று ஒரு வரி எழுதுங்கள். புத்தகத்தின் நன்றியுரையில் அவர்கள் பெயர் இருக்கட்டும், அவர்கள் விரும்பினால்.

மதிப்புரை கேட்கலாம், தவறில்லை. ஐந்து நட்சத்திரம் கேட்காதீர்கள். முன்பிரதியை இலவசமாகக் கொடுக்க அமேசான் அனுமதிக்கிறது, ஆனால் அதற்குப் பதிலாக மதிப்புரை எழுத வேண்டும் என்று நிபந்தனை போடக்கூடாது. குடும்பத்தினரும் நெருங்கிய நண்பர்களும் எழுதும் மதிப்புரைகளையும் அது ஏற்பதில்லை, கண்டுபிடித்தால் நீக்கிவிடும். எனவே "படித்து முடித்ததும் உங்களுக்குத் தோன்றியதை, நல்லதோ கெட்டதோ, எழுதுங்கள்" என்று கேட்பதே நேர்மையானது.

மோசமான மதிப்புரை வந்தால் பதில் எழுதாதீர்கள். வாசகர்களைத் திரட்டிப் பதில் சொல்ல வைக்கவும் கூடாது. அந்த மதிப்புரை மற்ற வாசகர்களுக்காக எழுதப்பட்டது, அது அவர்களுடைய இடம். எழுத்தாளர் அங்கே வந்து வாதாடுகிறார் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால், உங்கள் வட்டத்தில் இருப்பவர்களும் மனதில் பட்டதைச் சொல்லத் தயங்குவார்கள். அந்த இழப்பு ஒற்றை நட்சத்திரத்தைவிடப் பெரியது.

குறுக்கு வழிகள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "நீ என்னைப் பின்தொடர், நான் உன்னைப் பின்தொடர்கிறேன்" என்று சேரும் எழுத்தாளர் கூட்டணியில் படிப்பவர் யாரும் இல்லை. பரிசுப் போட்டி வைத்தால் பரிசு தேடுபவர்கள் வருவார்கள். ஒரு பதிவில் ஐம்பது பேரை டேக் செய்வது, முன்பின் தெரியாதவரின் இன்பாக்ஸில் இணைப்பை மட்டும் போட்டுவிட்டுப் போவது, வேறு எழுத்தாளரின் பதிவுக்குக் கீழே உங்கள் நூலை விளம்பரம் செய்வது, இவையெல்லாம் உங்கள் பெயரைப் பார்த்ததும் கடந்துபோகும் பழக்கத்தைத்தான் உண்டாக்கும். பின்தொடர்பவர்களை விலைக்கு வாங்குவது பற்றிப் பேச வேண்டியதே இல்லை.

வட்டம் பெரிதாகும்போது

ஒருவர் நிலையான உறவு வைத்துக்கொள்ளக்கூடிய மனிதர்கள் ஏறத்தாழ 150 பேர் என்று பிரிட்டிஷ் மானுடவியலாளர் ராபின் டன்பார் 1990-களில் ஒரு கணக்கை முன்வைத்தார். அந்த எண்ணைப் பற்றி ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குழு நடத்தியவர்களுக்கு ஒன்று தெரியும்: ஓர் அளவைத் தாண்டியதும் புதிதாக வருபவரை யாரும் வரவேற்பதில்லை, பழையவர்களும் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். அப்போது பிரியுங்கள். தொடர்கதை வாசிப்பவர்களுக்கு ஒன்று, கூட்டத்துக்கு வருபவர்களுக்கு ஒன்று என்று சிறுசிறு குழுக்களாக, ஒவ்வொன்றுக்கும் ஆர்வமுள்ள இரண்டு வாசகர்களை அட்மினாக வைத்து நடத்துங்கள்.

விதிகள் மூன்று போதும். புத்தகத்தைப் பற்றி எவ்வளவு கடுமையாகவும் பேசலாம், பேசும் ஆளைத் தாக்கக்கூடாது. குழுவில் கிடைத்த எண்ணுக்கு அனுமதியில்லாமல் தனிச் செய்தி அனுப்பக்கூடாது. முடிவை வெளிப்படுத்தும் பதிவுக்கு மேலே எச்சரிக்கை போட வேண்டும். இவற்றை மீறியவரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். தொடர்ந்தால் நீக்கிவிடுங்கள், அவர் உங்கள் தீவிர ரசிகராக இருந்தாலும். உங்களைப் புகழ்பவர் மற்றொரு வாசகரை அவமதித்தபோது நீங்கள் பேசாமல் இருந்தால், அங்கே யாருடைய மரியாதைக்கு மதிப்பு உண்டு என்று எல்லோருக்கும் புரிந்துவிடும்.

உங்கள் நேரத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். பதில் எழுத வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டு அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சிலர் கதையைப் பற்றித் தொடங்கித் தங்கள் வாழ்க்கையின் பெருந்துயரத்தைச் சொல்வார்கள். நல்ல எழுத்துக்கு அது நடக்கும். கனிவோடு கேளுங்கள், ஆனால் நீங்கள் மனநல ஆலோசகர் அல்ல. "இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம், இதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவரிடம் பேசுங்கள்" என்று சொல்வதும் அக்கறைதான். வீட்டு முகவரி, குழந்தைகளின் பள்ளி, நீங்கள் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள் போன்ற விவரங்களை எவ்வளவு நெருக்கமான குழுவிலும் பகிராதீர்கள்.

இரண்டு புத்தகங்களுக்கு நடுவில்

அடுத்த நூலின் கடைசிக் கட்டத்தில் நீங்கள் காணாமல் போக வேண்டியிருக்கும். சொல்லாமல் போகாதீர்கள். "மூன்று மாதம் எழுத்தில் மட்டும் இருக்கப் போகிறேன், மடல் வராது, திரும்பி வந்து முதல் அத்தியாயத்தை அனுப்புகிறேன்" என்று ஒரு மடல் எழுதிவிட்டு, கூட்டங்களை நடத்தும் பொறுப்பை இரண்டு வாசகர்களிடம் ஒப்படையுங்கள். தேர்ந்தெடுக்கும் நூலும் அவர்கள் விருப்பமாக இருக்கட்டும். திரும்பி வந்ததும் முதல் வேலையாக நீங்கள் இல்லாதபோது நடந்த பேச்சுகளைப் படியுங்கள். யார் புதிதாக வந்திருக்கிறார், யார் நின்றுவிட்டார், எந்தப் புத்தகத்துக்காக இரண்டு பேர் நள்ளிரவுவரை சண்டை போட்டிருக்கிறார்கள் என்று பார்த்து, நோட்டில் பெயர்களைச் சேர்த்துவிட்டு, நின்றுபோனவர்களுக்கு முதலில் எழுதுங்கள்.